ஊருக்கு ஒரே வெயில் இல்லை

2021 ஜூன் 28. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் போர்ட்லண்ட் நகரில் விமான நிலைய வெப்பமானி 46.7 டிகிரி செல்சியஸைக் காட்டியது. தூறலுக்கும் ஊசியிலைக் காடுகளுக்கும் பேர்போன ஊர் அது. அந்த வாரத்துக்கு முன்புவரை அங்கே வெயில் 42 டிகிரியைத் தொட்டதே இல்லை. ஏசி இல்லாத வீடுகள் ஏராளம். அதற்குத் தேவையும் இருந்ததில்லை. அந்த வெயிலில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் விவேக் சாண்டஸ் காரை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் வெப்பத்தை அளந்தபடி நகரைச் சுற்றி வந்தார். நெடுஞ்சாலையை ஒட்டி, மரங்கள் அதிகமில்லாத, எளியவர்கள் வாழும் லென்ட்ஸ் பகுதியில் அவர் அளந்தது 51 டிகிரி. காட்டுப் பூங்காவை ஒட்டி, வசதியானவர்கள் வாழும் வில்லாமெட் ஹைட்ஸில் 37 டிகிரி.

ஒரே நகரம், ஒரே வெப்ப அலை, இடையில் 14 டிகிரி. 37 டிகிரி வெயிலில் மனிதர் வாடுவார், ஆனால் சமாளித்துவிடுவார். 51 டிகிரியில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். அந்த அலையில் போர்ட்லண்ட் அடங்கிய மாவட்டத்தில் சுமார் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், வீட்டில் ஏசி இல்லாதவர்கள். 46.7 என்ற அதிகாரபூர்வமான எண் அவர்கள் வீட்டுக்குள் இருந்த வெப்பத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அந்த எண்ணைக் குறை சொல்வதற்கில்லை. வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெள்ளையடித்த மரக்கூண்டுக்குள், நேர்வெயில் படாமல், திறந்தவெளிப் புல்தரையின் மேல் வைக்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன்பு எடுத்த அளவோடு இன்றைய அளவை ஒப்பிட வேண்டுமானால் அப்படித்தான் வைக்க வேண்டும். சென்னைக்கு நெடுங்காலமாக நாம் செய்தித்தாளில் பார்த்துவரும் எண்கள் நுங்கம்பாக்கத்திலிருந்தும் மீனம்பாக்கத்திலிருந்தும் வருகின்றன. 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரியும் அப்படிக் கிடைத்ததுதான். பருவநிலை எப்படி மாறுகிறது என்று கண்காணிக்க இந்த நிலையங்கள் இன்றியமையாதவை. ஆனால் தகரக் கூரைக்கடியில் படுத்திருக்கும் பாட்டிக்கு இன்றிரவு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவற்றிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடித்தான் கடந்த சில பத்தாண்டுகளாக நகரங்கள் வெப்பத்தை வரைபடமாக்கிக்கொண்டிருக்கின்றன.

நகருக்குள் வெயில் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? முதல் காரணம் தண்ணீர். மண்பானை தன் சுவரில் கசியும் நீரை ஆவியாக்கி உள்ளே இருப்பதைக் குளிர்விப்பது போலத்தான் மரமும் ஈரமண்ணும் தம்மைச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. வேருக்குப் போதிய ஈரம் கிடைக்கும் பெரிய மரம் ஒரு நாளில் நூறு லிட்டர் அளவுக்கு நீரை வெளியிட முடியும். அப்படியானால் அந்த ஒரு மரம் 68 யூனிட் வெப்பத்தைத் தெருவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கூடவே நிழலும் தருகிறது. மரத்தை வெட்டித் தார்ச்சாலை போட்டால் அத்தனை வெப்பமும் தாரில் இறங்குகிறது. தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் அதை உள்ளே சேமித்து வைத்து இரவில் மெல்ல வெளியே விடுகின்றன. நெருக்கமான கட்டடங்களுக்கு இடையில் நின்று பார்த்தால் வானம் ஒரு துண்டுதான் தெரியும். அந்தத் துண்டு எவ்வளவு சிறியதோ, தெருவின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பும் வழியும் அவ்வளவு குறுகல். போதாக்குறைக்கு, ஒவ்வொரு ஏசியும் உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளித் தெருவில் கொட்டுகிறது.

ஆகவே நகர வெப்பத்தின் கடுமையை இரவில்தான் முழுதாகப் பார்க்க முடியும். இதை முதலில் எண்களோடு சொன்னவர் லூக் ஹவர்ட். மேகங்களுக்கு இன்றும் வழங்கும் பெயர்களைச் சூட்டிய ஆங்கிலேயர். 1818-இல் வெளியாகத் தொடங்கிய லண்டன் தட்பவெப்பம் பற்றிய நூலில், நகருக்குள் இரவுகள் நாட்டுப்புறத்தைவிட சராசரியாக 3.7 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 2 டிகிரி செல்சியஸ்) வெம்மையாக இருப்பதாகவும், பகலில் அந்த வேறுபாடு இல்லையென்றும் அவர் காட்டினார். 1927-இல் வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மிட் வெப்பமானியைக் காரில் பொருத்தி நகரின் ஊடாக ஓட்டிச் சென்றார். இன்றைய தெரு அளவீட்டுக்கு அந்தப் பயணம்தான் முன்னோடி.

2017 ஜூலையில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் அதே வேலையைப் பொதுமக்களைக் கொண்டு செய்தார்கள். முன்னின்றவர்கள் வர்ஜீனியா அறிவியல் அருங்காட்சியகத்தின் ஜெரமி ஹாஃப்மனும் மேலே சொன்ன விவேக் சாண்டஸும். தன்னார்வலர்கள் தங்கள் கார் ஜன்னலில் ஒரு சிறு குழாயைப் பொருத்திக்கொண்டார்கள். அதற்குள் இருந்த உணரி விநாடிக்கொரு முறை காற்றின் வெப்பத்தைக் குறிக்கும்; எந்த இடத்தில் குறித்தது என்பதை ஜிபிஎஸ் பதியும். விடியற்காலை, பிற்பகல், அந்தி என்று ஒரே நாளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், குறித்த தடத்தில் ஓட்ட வேண்டும். பிறகு கணினி இந்த அளவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவ்வளவு மரம் இருந்தால், எவ்வளவு கட்டடம் இருந்தால் காற்று எவ்வளவு சூடாகிறது என்று கற்றுக்கொள்கிறது. கார் போகாத தெருக்களின் வெப்பத்தையும் அதைக் கொண்டு கணக்கிடுகிறது. ரிச்மண்டில் ஒரே பிற்பகல் நேரத்தில் மிகச் சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் 16 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தது. அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல அமைப்பு துணைநிற்க, இதே முறை பின்னர் பல நகரங்களுக்குப் பரவியது.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது, அளப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள் என்பது. தன் தெருவைத் தானே அளந்தவர் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசும்போது அதற்கு வேறொரு கனம் இருக்கிறது.

ரிச்மண்டின் வெப்ப வரைபடத்தை வேறொரு பழைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் கதையின் மற்றொரு பாதி வெளிப்பட்டது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் கழகம் இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கடன் கொடுக்க எந்தப் பகுதி பாதுகாப்பானது என்று தரம் பிரிப்பதற்காக. மிக நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்து நீலம், மஞ்சள். ‘ஆபத்தான’ பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பாகின. சிவப்புப் பகுதிகளில் வீட்டுக்கடன் அரிதானது. நிலமதிப்பு வீழ்ந்தது. மலிவாகக் கிடைத்த அந்த நிலங்களின் வழியே பிற்பாடு நெடுஞ்சாலைகள் போயின. ரிச்மண்டில் ஜாக்சன் வார்டு என்ற கறுப்பினக் குடியிருப்பை 1950-களில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்தது. பூங்காவும் சாலையோர மரமும் பச்சைப் பகுதிகளுக்கே போய்ச் சேர்ந்தன.

ஹாஃப்மன், சாண்டஸ், நிக்கலஸ் பெண்டில்டன் மூவரும் 108 நகரங்களில் இந்தப் பழைய எல்லைகளைச் செயற்கைக்கோள் தந்த தரை வெப்பத்தோடு ஒப்பிட்டு 2020-இல் ஆய்வை வெளியிட்டார்கள். 94 சதவீத நகரங்களில் சிவப்புப் பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சூடாக இருந்தன. சராசரி வேறுபாடு 2.6 டிகிரி செல்சியஸ். சில நகரங்களில் 7 டிகிரி வரை. அந்தக் கடன் வரைபடங்கள் மட்டுமே இத்தனையையும் செய்துவிட்டன என்று சொல்ல முடியாது; ஏற்கெனவே இருந்த பாகுபாட்டை அவை ஏட்டில் ஏற்றி உறுதிப்படுத்தின. ஆனாலும் 1930-களில் ஓர் அலுவலகத்தில் தீட்டிய நிறம் இன்று ஒரு முதியவரின் படுக்கையறைச் சுவர் எவ்வளவு கொதிக்கும் என்பதோடு பொருந்திவருகிறது. நகரத்தின் வெயிலை இயற்கை என்று சொல்லி ஒதுங்க இனி எந்த நிர்வாகத்துக்கும் வழியில்லை.

அந்த ஆய்வுக்கு உதவிய செயற்கைக்கோள் அளவீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அதன் வண்ணப் படங்கள்தான் எல்லா ஊர்களிலும் வெப்ப வரைபடம் என்ற பெயரில் உலவுகின்றன. அவற்றைத் தவறாகப் படிப்பதும் எளிது.

சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. சூடு ஏற ஏறக் கதிரும் கூடும். 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் அந்தக் கதிரை அளந்து, தரையின் வெப்பநிலையைக் கணக்கிட உதவுகின்றன. 2013-இல் ஏவிய லேண்ட்சாட் 8, 2021-இல் ஏவிய லேண்ட்சாட் 9 இரண்டின் வெப்பக் கருவியும் சுமார் 100 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கும். லேண்ட்சாட் படங்களை 2008 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஏழை நாடுகளின் நகரங்களுக்கும் வெப்ப வரைபடம் சாத்தியமானதில் அந்த முடிவுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் அது பார்ப்பது தரையை; நாம் சுவாசிக்கும் காற்றையோ நாம் தூங்கும் அறையையோ பார்ப்பதில்லை. வெயிலில் காய்ந்த தார் 60 டிகிரிக்கு மேல் போகும். அதற்கு ஓராள் உயரத்தில் காற்று 40 டிகிரியாக இருக்கலாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் ‘60’ என்று பார்த்துத் தலைப்புச் செய்தி எழுதுவது பிழை. இரண்டாவது, லேண்ட்சாட் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்து மணிவாக்கில். பிற்பகல் உச்சமும் நள்ளிரவுப் புழுக்கமும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்குத் திரும்பும்; அன்று மேகம் மூடியிருந்தால் அந்த முறையும் வீண். 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்திய எக்கோஸ்ட்ரெஸ் கருவி நாளின் வெவ்வேறு வேளைகளில் படமெடுப்பதால் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி அமைப்பும் சேர்ந்து உருவாக்கும் த்ரிஷ்ணா செயற்கைக்கோளும் இதே பணிக்கானதுதான்.

மூன்றாவது குறை நம் ஊர்களுக்கு மிக முக்கியமானது. பளபளக்கும் உலோகம் சூடாக இருந்தாலும் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வீசும். அதனால் புதுத் தகரம் வேய்ந்த கூரையைச் செயற்கைக்கோள் உண்மையைவிடக் குளிர்ந்ததாகக் கணக்கிட்டுவிடக்கூடும். அதற்கான திருத்தத்தைச் செய்யாமல் வரைந்தால், அடியில் இருப்பவர்கள் வெந்துகொண்டிருக்கும் ஒரு குடிசைப்பகுதி வரைபடத்தில் நிழலான இடம்போலத் தோன்றும். துருவேறிய தகரத்திலும் வண்ணம் பூசிய தகரத்திலும் இந்தப் பிழை குறைவு. எப்படியானாலும், கூரைக்குக் கீழே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுச் சரிபார்க்காத வரைபடத்தை நம்பிப் பணம் ஒதுக்கக்கூடாது.

காற்றின் வெப்பமும் முழுக்கதை ஆகாது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆரியான் மிடல் ‘மார்ட்டி’ என்று பெயரிட்ட ஒரு தள்ளுவண்டியை ஃபீனிக்ஸ் பகுதியின் தெருக்களில் கொண்டு செல்கிறார். மேலே, கீழே, நான்கு பக்கமும் என ஆறு திசைகளிலிருந்தும் ஒரு மனித உடலின் மேல் விழும் கதிர்வெப்பத்தை அது அளக்கும். நிழலிலும் வெயிலிலும் காற்றின் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போதுகூட உடல் வாங்கும் வெப்பத்தில் பெரும் வேறுபாடு இருப்பதை இத்தகைய அளவீடுகள் காட்டுகின்றன. பேருந்து நிறுத்தத்தில் நிழல் வேண்டும் என்று கேட்பவர்கள் சொகுசு கேட்கவில்லை. சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப்பதமும் சேரும்போது வியர்வை காயாது. அங்கே வெறும் டிகிரியை வைத்து ஆபத்தைக் கணிக்கவே முடியாது.

சரி, இந்த வரைபடங்களுக்கும் சாவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலை சுமார் 15,000 உயிர்களைக் கொண்டுபோனது. பாரிஸ் பகுதியில் இறந்த முதியவர்களின் வீடுகளையும், அதே வயதில் பிழைத்தவர்களின் வீடுகளையும் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் வெப்பப் படத்தின் மேல் குறித்துப் பார்த்தார்கள். சாவோடு பொருந்திவந்தது இரவு வெப்பம். பகலில் உடல் பட்ட சூட்டை ஆற்றிக்கொள்ள இரவுக் குளிர்ச்சி வேண்டும். அது நாலைந்து இரவுகள் தொடர்ந்து கிடைக்காதபோது முதிய இதயம் தளர்ந்துவிடுகிறது. கூரையை ஒட்டிய மேல்தளத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்பதும் தெரியவந்தது.

அப்படியே வெப்ப வரைபடம் மட்டும் போதும் என்று முடிவுகட்டினால் சிகாகோ குறுக்கே நிற்கிறது. 1995 ஜூலையில் அங்கே சில நாள் வெப்பத்தில் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பகுதிகளை ஆராய்ந்தார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் இரண்டிலும் வறுமை அதிகம், தனியாக வாழும் முதியவர்களும் அதிகம், அடித்த வெயிலும் ஒன்று. நார்த் லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். சவுத் லான்டேலில் 4 பேருக்கும் குறைவு. நார்த் லான்டேலில் தொழிற்சாலைகளும் கடைகளும் மூடி, மக்கள் வெளியேறி, தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. வன்முறைக்கு அஞ்சிய முதியவர்கள் கதவைத் திறக்கவே பயந்தார்கள். சவுத் லான்டேலில் கடைத்தெருவில் எப்போதும் கூட்டம். முதியவர் நடந்துபோய் ஏதாவது ஒரு குளிர்ந்த கடைக்குள் நிற்கலாம், இரண்டு நாள் காணாவிட்டால் யாராவது தேடுவார்கள். எந்தச் செயற்கைக்கோளுக்கும் இது தெரியாது.

இதனால்தான் நியூயார்க் நகரம் தன் ஆபத்து வரைபடத்தில் தரை வெப்பத்தோடு பசுமை, வருமானம், வீட்டில் ஏசி உண்டா என்பது போன்றவற்றையும் சேர்த்து ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறது. பிரான்சில் 2004-இல் வந்த சட்டப்படி, தனியாக வாழும் முதியவர்கள் விரும்பினால் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். வெப்ப எச்சரிக்கை வந்ததும் உள்ளாட்சி அவர்களைத் தொடர்புகொண்டு விசாரிக்கும். அந்தப் பெயர்ப் பட்டியலும் ஒரு வரைபடம்தான் என்பேன். விலை குறைந்ததும், உயிர்காப்பதில் நேரடியானதும் அதுவே.

இந்தியாவில் இந்தப் பாடத்தை முதலில் படித்த ஊர் அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு கணக்கிட்டது. 2013-இல் அந்த மாநகராட்சி தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. 41, 43, 45 டிகிரி என வெப்பம் ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை. குறுஞ்செய்தி, தண்ணீர்ப் பந்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி, ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப்பூச்சு. திட்டம் வந்தபின் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 

அதே நகரின் ஒரு பொது மருத்துவமனையில் நடந்தது இன்னும் நுட்பமானது. கோடையில் பிறந்த குழந்தைகள் வெப்பத்தால் நோயுற்றுத் தீவிர சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மகப்பேறு வார்டு இருந்தது மேல்தளத்தில், வெயில் குடிக்கும் கறுப்புக் கூரைக்கு நேர் கீழே. வார்டைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். அப்படி வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பாரிஸின் மேல்தள வீடுகள் சொன்ன அதே செய்தி. நகர வரைபடங்கள் எல்லாமே நம்மைத் தட்டையாகப் பார்க்கின்றன. வெப்பம் மாடிக்கு மாடி மாறுகிறது. நம் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் எந்த வார்டு எந்தத் தளத்தில் இருக்கிறது என்ற கணக்கெடுப்புக்கு விண்வெளித் தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

ஓர் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். குடிசைப்பகுதி சிவப்பாகத் தெரியும் வரைபடம், அங்கே நிழலும் தண்ணீரும் கொண்டுபோகப் பயன்படலாம். இங்கே மனிதர் வாழ முடியாது என்று சொல்லி அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பவும் பயன்படலாம். சிவப்புநிறம் ஒருமுறை அமெரிக்காவில் என்ன செய்தது என்பதை மேலே பார்த்தோம். வரைபடத்தைத் தயாரிப்பதற்கான ஒப்பந்தத்திலேயே, அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படக்கூடாது என்பதை எழுதிவைக்க வேண்டும். அளக்கும் குழுவில் அந்தத் தெருக்காரர்கள் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. பணம் கிடைக்க வேண்டுமானால் இறப்புக்கு வெப்பம் காரணம் என்று உறுதியாக வேண்டும். மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதி மூடிவிட்ட பல இறப்புகளில் வெப்பத்தின் பங்கு என்ன என்று இனி யாராவது கேட்டே தீர வேண்டும். இறந்தவர் எந்தத் தெருவில் வாழ்ந்தார், எந்தத் தளத்தில், எந்தக் கூரையின் கீழ், வேலைக்குப் போன இடத்தில் நிழல் இருந்ததா, கடைசி இரவு எப்படிக் கழிந்தது என்ற விவரங்களையும் மருத்துவர்களும் வட்டாட்சியர் அலுவலகங்களும் அந்தக் கோப்பிலேயே குறித்துவைத்தால், பெயரை நீக்கிவிட்டு வார்டு வாரியாகத் தொகுக்கலாம். பாரிஸ் ஆய்வாளர்கள் அலை ஓய்ந்தபின் தேடித்தேடிச் சேர்த்த தகவல் இங்கே ஒவ்வொரு கோடையிலும் தானாகச் சேரும். அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைக்கும்போது, அடுத்த கத்திரி வெயிலுக்கு முன்பு எந்தத் தெருவின் கூரைகளுக்கு முதலில் வெள்ளையடிப்பது என்று ஒரு மாநகராட்சிப் பொறியாளரால் விரல் வைத்துக் காட்ட முடியும்.